விற்றுப்போன கடைசி அத்தியாயம்

முதலாளிக்கு நாலு மாதம் நிறைந்திருந்தது. வீட்டில் அவன் வைத்ததுதான் சட்டம். அவன் தூங்கினால் மிக்ஸி ஓடக்கூடாது, கதவு சாத்தக்கூடாது, தும்மல் வந்தால் மாடிப்படிக்குப் போய்த்தான் தும்ம வேண்டும். அவன் விழித்துக்கொண்டால் மற்றவர்கள் தூங்கக்கூடாது. பசி என்று வாயைத் திறந்தால் அடுத்த மூச்சுக்குள் பால் வந்தாக வேண்டும். இதையெல்லாம் பார்த்துவிட்டு, பிறந்த வாரமே அவனுக்கு அந்தப் பட்டத்தைச் சூட்டியவர் அப்பா. முதலாளி என்று ஒருவன் வருவதற்கு முன்பே அந்த வீட்டில் ஒரு மேனேஜர் இருந்தாள். எட்டு வயது, முன்பல் இரண்டு இல்லை, ஆனால் பேச்சில் ஒரு பல்லும் குறையாது.

இந்த இருவருக்கும் கீழே கைகட்டி வேலை பார்த்தவள் நர்ஸம்மா. அப்படித்தான் அந்த அடுக்குமாடி முழுக்க அவளைக் கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரி வார்டில் வருடக்கணக்காக ஓடிய கால்கள் அவளுடையவை. பிரசவ விடுப்பு வந்தபோதுதான், நாற்காலி என்பது நோயாளியின் சொந்தக்காரர்கள் மட்டும் உட்காரும் சாமான் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது.

மூத்தவளுக்குப் பால் கொடுத்த காலத்தில் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டே காலத்தைக் கழித்திருந்தாள். சுவரில் எத்தனை விரிசல், எந்த விரிசல் எங்கே போய்ச் சேர்கிறது என்பதெல்லாம் மனப்பாடம். இரண்டாவது பிள்ளையில்தான் ஞானம் பிறந்தது. பிள்ளையைத் தாங்க ஒரு கை போதும். மிச்சக் கை சும்மாதானே இருக்கிறது?

அந்த மிச்சக் கைக்கு அவள் ஒரு புத்தகத்தைக் கொடுத்தாள். அவ்வளவுதான், ஆளே மாறிப்போனாள். முதலாளி ஆற அமரக் குடிப்பவன். ஒரு வாய் குடிப்பான், விட்டத்தைப் பார்ப்பான், ஏதோ முக்கியமான விஷயம் ஞாபகம் வந்ததுபோல் நெற்றியைச் சுருக்குவான், மறுபடி குடிப்பான். அவன் ஒரு பக்கம் முடிப்பதற்குள் அவள் இருபது பக்கம் முடிப்பாள். கட்டைவிரலால் தாள் திருப்பக் கற்றுக்கொண்டாள். கனமான புத்தகமென்றால் தலையணையில் சாய்த்து முழங்காலால் முட்டுக் கொடுத்தாள். கதை சூடுபிடித்தால் பாலும் நன்றாகச் சுரக்கிறது என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. அதற்கு மருத்துவ ஆதாரம் எதுவும் கிடையாது. ஆஸ்பத்திரியில் யாராவது கேட்டால் அவளே மறுத்துவிடுவாள்.

ஒன்றே ஒன்றுதான் தொல்லை. புத்தகங்கள் பெருகின. ஏற்கெனவே அந்த வீட்டில் எள் போட்டால் எள் விழ இடமில்லை. அப்பா லிஃப்ட் பழுது பார்ப்பவர். கழற்றிய ஸ்பிரிங், தேய்ந்துபோன மாடி எண் பொத்தான்கள், மணி, சங்கிலி, யாரோ வேண்டாம் என்று விட்ட லிஃப்ட் கண்ணாடி ஒன்று என எல்லாவற்றையும் "எதுக்காவது ஆகும்" என்று கொண்டுவந்து அடுக்குவார். மேனேஜரோ காலி டப்பா, பாட்டில் மூடி, பரிசுப்பொருள் சுற்றிவந்த தாள் எதையும் விடமாட்டாள். நர்ஸம்மாவின் புத்தகங்கள் ஃபிரிட்ஜுக்கு மேலேயும் செருப்பு அலமாரியிலும் குழந்தைத் துணிகளுக்கு நடுவிலும் குடியேறியிருந்தன. அடுத்தவர் சேர்த்தது குப்பை, தான் சேர்த்தது சொத்து என்பதில் மூவருக்கும் கருத்து வேறுபாடே இல்லை.

சனிக்கிழமை காலை. அப்பா இருட்டு நடையில் வந்தவர் ஏதோ பெட்டியில் கால் கட்டைவிரலை இடித்துக்கொண்டார். முதலாளி தூங்கிக்கொண்டிருந்ததால் கத்தவும் முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு ஒற்றைக்காலில் கூடம் முழுக்க நொண்டியடித்தார். பிறகு சுவரைப் பிடித்து நின்று, கண்ணில் நீர் ததும்ப, கிசுகிசுப்பான குரலில் ஆணையிட்டார்.

"இன்னிக்கு இந்த வீட்டைக் காலி பண்றோம்."

"எங்கப்பா போறோம்?" என்றாள் மேனேஜர்.

"நாம போகல. இந்தக் குப்பைதான் போகுது. வேண்டாததை எல்லாம் கீழ வாசல்ல பரப்பி வைக்கலாம். வேணுங்கறவங்க வாங்கிட்டுப் போகட்டும்."

"காசு யாருக்கு?"

அவள் அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்பாள். வாராவாரம் கைச்செலவுக்கு அப்பா தரும் காசு போதவில்லை, ஏற்றித்தர வேண்டும் என்று ஒரு மாதமாகவே நச்சரித்துக்கொண்டிருந்தாள். கொடுத்த காசை அவள் செலவழித்த லட்சணத்தைப் பார்த்து அப்பா இழுத்தடித்தார். ஒருமுறை ரப்பர் சிலந்தி வாங்கினாள். இன்னொருமுறை தோழியோடு கூட்டுச் சேர்ந்து ஒரு மினுமினுப்புப் பென்சிலில் பாதிப் பங்கு வாங்கினாள். திங்கள், புதன், வெள்ளி பென்சில் இவளிடம் இருக்கும்.

"சேர்த்து வைக்கத் தெரியாதவளுக்கு எதுக்குக் காசு?" என்பார் அப்பா.

"செலவு பண்ணிப் பார்த்தாத்தாங்க காசோட அருமை தெரியும்" என்பாள் அம்மா. அவள் சொல்வதில் கொஞ்சம் சுயநலமும் உண்டு. புத்தகக் கடைப் பக்கம் போனால் அவள் கையிலும் காசு நிற்காது.

ஆனால் அன்று அப்பாவின் கட்டைவிரல் விண்விண் என்று தெறித்துக்கொண்டிருந்தது. "வித்த காசு எல்லாம் உனக்கே" என்றுவிட்டார்.

மேனேஜர் உடனே நிபந்தனைகளைக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். வேண்டாததை அவரவரே எடுத்துத் தர வேண்டும். அடுத்தவர் சாமானில் கைவைக்கக்கூடாது.

"தரையில கிடக்கறது யாருதுப்பா?"

"தரையில கிடக்கறது யாருதும் இல்ல. தரையில கிடக்கறதாலதான் எனக்கு இந்தக் கதி. அதெல்லாத்தையும் மொதல்ல வித்துத் தள்ளு."

இந்தப் பேச்சு நடந்தபோது நர்ஸம்மா உள்ளறையில், கப்பலில் இருந்தாள். அந்த நாவல் அப்படி. நடுக்கடல், புயல், ஒரே இரவு. குளிர்பதன அறையில் கப்பல் சமையல்காரர் விறைத்துக் கிடக்கிறார். கேப்டன்மேல் சந்தேகம், சீட்டாடும் பணக்கார அம்மாள்மேல் சந்தேகம், ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பிடில் வாசிப்பவர்கள்மேல் இரட்டைச் சந்தேகம். நானூறு பக்கம் படித்தாகிவிட்டது. கடைசி அத்தியாயம். துப்பறிபவர் எல்லோரையும் மேல்தளத்தில் வரிசையாக நிறுத்தித் தொண்டையைச் செருமுகிறார். "கொலையாளி இங்கேதான் நிற்கிறார்" என்கிறார்.

அந்த நேரம் பார்த்து முதலாளி குடித்து முடித்து, ஏப்பம் விட்டு, அவள் தோளில் வெதுவெதுப்பாகச் சரிந்தான். கைக்குழந்தை அப்படிச் சரிந்தால் அது தாய்க்கும் மயக்க மருந்துதான். 'ஒரு நிமிஷம் கண்ணை மூடிட்டு அப்புறம் படிக்கலாம்' என்று நினைத்தாள். புத்தகம் மடியிலிருந்து நழுவியது அவளுக்குத் தெரியாது.

விழித்தபோது வெயில் ஜன்னலுக்கு வந்திருந்தது. கை முதலில் தேடியது புத்தகத்தை. மடியில் இல்லை. பிள்ளையைக் கட்டிலில் கிடத்திவிட்டுக் குனிந்து பார்த்தாள், அடியிலும் இல்லை. தலையணை உறைக்குள் கைவிட்டாள். காணாமல்போன காய்ச்சல்மானி கிடைத்தது. சோபா இடுக்கில் ஒரு காதுத் தோடும், ஏழாம் எண் லிஃப்ட் பொத்தானும் கிடைத்தன. செருப்பு அலமாரியில் போன வருடம் தேடித்தேடி அழுத வீட்டு உதிரிச் சாவி கிடைத்தது. வேறு நாளாயிருந்தால் துள்ளிக் குதித்திருப்பாள். இன்று சாவியைத் தூக்கி எறிந்துவிட்டு பால்கனிக்கு ஓடினாள்.

கீழே வாசலில் போர்வை விரித்துக் கடை ஜேஜே என்று நடந்துகொண்டிருந்தது. அப்பா ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, விற்கப் போட்ட தன் ஸ்பிரிங்குகளையே ஏக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேனேஜர்! அம்மா படிச்சிட்டிருந்த புத்தகத்தைப் பார்த்தியா?"

மேனேஜர் அண்ணாந்து பார்த்தாள். "கப்பல் படம் போட்டதா?"

"அதேதான்!"

"தரையில கிடந்ததும்மா."

நர்ஸம்மா பால்கனிக் கம்பிமேல் எக்கிக் குனிந்தாள். "எங்க இப்ப?"

"வித்தாச்சு. பல் டாக்டர்கிட்ட வேலை செய்ற அக்கா வாங்கிட்டுப் போயிட்டாங்க. காத்திருக்கறவங்க படிக்கறதுக்கு."

"அடிப்பாவி! இன்னும் ஒரு அத்தியாயம் இருக்குடி!"

"வித்த பொருள் திரும்ப வாங்க மாட்டோம்மா" என்று மேனேஜர் அட்டையில் எழுதி மாட்டியிருந்த அறிவிப்பைச் சுட்டிக் காட்டினாள். 'திரும்ப' என்பதில் ஒரு எழுத்து குறைந்திருந்தது. ஆனால் விஷயம் தெளிவாக இருந்தது.

"நான்தாம்மா தரையில இருக்கறதை..." என்று அப்பா எழுந்து ஏதோ சொல்ல வந்தார்.

"நீங்க பேசாதீங்க!"

நர்ஸம்மா குழந்தையை நெஞ்சோடு சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டு படியிறங்கினாள். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. தெருவுக்கு வந்த பிறகுதான் பார்த்தாள், மேலே போட்டிருப்பது கணவரின் சட்டை. ஒரு காலில் தன் செருப்பு, மறு காலில் அவருடையது. போனால் போகிறது என்று நடந்தாள். வாடிக்கையாளர் தகராறு என்றால் கடைக்காரர் நேரில் போக வேண்டும் என்று மேனேஜரும் காசு டப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கூடவே ஓடிவந்தாள்.

பல் மருத்துவமனை நாலு கட்டடம் தள்ளி. உள்ளே மருந்து வாசனை, மீன்தொட்டி, வரிசையாகக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நாலைந்து பேர். கோடி நாற்காலியில் சீருடையோடு ஒரு பஸ் டிரைவர். ஒரு கன்னம் மட்டும் பந்தாக வீங்கியிருந்தது. அவர் கையில் கப்பல்.

"அண்ணே, அது என்னோட புத்தகம்" என்றாள் நர்ஸம்மா மூச்சிரைக்க.

டிரைவர் தலையைத் தூக்கவில்லை. "இருங்கம்மா, இப்பத்தான் சமையல்காரர் செத்துக் கிடக்கறாரு."

"கடைசி அத்தியாயம் மட்டும்தான் எனக்கு வேணும். படிச்சிட்டுத் தந்துடறேன்."

"தரமாட்டேம்மா. காலைல இருந்து பல்லு உயிரை எடுக்குது. இதைப் படிக்க ஆரம்பிச்சப்புறம்தான் வலியே தெரியல."

வரவேற்பு மேசையில் இருந்த அக்கா எழுந்து வந்தாள். காசு கொடுத்தது தன் கை, ஆகவே தீர்ப்பும் தானே சொல்வதாகச் சொன்னாள். டிரைவரைச் சற்று நேரத்தில் டாக்டர் உள்ளே கூப்பிடுவார். அவர் வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்கும் நேரத்தில் நர்ஸம்மா கடைசி அத்தியாயத்தைப் படித்துவிட வேண்டும். அவர் வெளியே வந்ததும் புத்தகம் அவருக்கு.

எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. டிரைவருக்கு மட்டும் ஒரு பயம்.

"நான் வெளிய வரும்போது அந்தம்மா மூஞ்சியைப் பார்த்தா எனக்குத் தெரிஞ்சுபோகும். யாரு கொன்னாங்கன்னு மூஞ்சியிலயே எழுதியிருக்கும்."

"நான் திரும்பி உட்கார்ந்துக்கறேண்ணே."

"எங்கம்மா வாயே திறக்க மாட்டாங்க மாமா. நான் கேரண்டி" என்றாள் மேனேஜர்.

டிரைவர் படித்த இடத்தில் பஸ் டிக்கெட் ஒன்றைச் சொருகிப் புத்தகத்தை ஒப்படைத்துவிட்டு, பலிபீடத்துக்குப் போகிறவர்போல் உள்ளே போனார்.

அதே நொடி முதலாளி விழித்துக்கொண்டு வாயைத் திறந்தான். நர்ஸம்மா மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். வரவேற்பு அக்கா தன் சால்வையை எடுத்துப் போர்த்திவிட்டாள். ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் கப்பல். முதலாளி சப்புக்கொட்டிக் குடிக்க ஆரம்பித்தான். துப்பறிபவர் தொண்டையைச் செருமினார்.

கேப்டன் இல்லை என்றார். சீட்டாடும் அம்மாளும் இல்லை. பிடில்காரர்கள் ஒருவரையொருவர் காட்டிக்கொடுத்து அழுதார்கள், அவர்களும் இல்லை. நர்ஸம்மாவின் கட்டைவிரல் தாளை வேகவேகமாகப் புரட்டியது. துப்பறிபவர் மெல்ல நடந்து கப்பல் டாக்டருக்கு முன்னால் போய் நிற்கிறார். கையை நீட்டுகிறார். சரியாக அந்த நேரம், குளிர்பதன அறையிலிருந்து ஒரு சத்தம்.

சமையல்காரர் தும்முகிறார்.

செத்தவர் சாகவே இல்லை. பயணிகள் எல்லோரும் அவருடைய சூப்பை வைது தள்ளிய கோபத்தில், மனிதர் தூக்கமாத்திரை போட்டுக்கொண்டு குளிர்பதன அறைக்குள் போய்ப் படுத்திருக்கிறார். டாக்டர் என்று சொல்லிக்கொண்டு கப்பலேறியவன் உண்மையில் கோட் தைக்கிறவன். நாடி எங்கே துடிக்கும் என்பதே தெரியாமல் சுண்டுவிரல் பக்கத்து மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, 'ஆள் போய்விட்டார்' என்று அறிவித்துவிட்டான். அந்த இடத்தை முதலில் படித்தபோது, எழுதியவருக்கு விவரம் போதாது என்று நினைத்து நர்ஸம்மா தலையில் அடித்துக்கொண்டிருந்தாள். இப்போது சமையல்காரர் உதறலெடுத்தபடி தளத்துக்கு வந்து, மூக்கைச் சிந்திவிட்டு, "இப்போதாவது சூப் வேண்டுமா?" என்று கேட்கிறார்.

நானூறு பக்கம்! புயல், கேப்டன், சீட்டுக்கட்டு, இரட்டைப் பிடில்! எல்லாம் ஒரு தூக்கமாத்திரைக்கும் ஒரு தையல்காரனுக்கும்!

நர்ஸம்மா உதட்டைக் கடித்துப் பார்த்தாள். சால்வையை வாயில் திணித்துப் பார்த்தாள். பயனில்லை. முதலில் தோள் குலுங்கியது. பிறகு நாற்காலி குலுங்கியது. பிறகு சிரிப்பு அணையுடைத்துக்கொண்டு வெளியே வந்தது. எட்டு மாத வயிற்றைச் சுமந்து வார்டில் நடந்த களைப்பு, மாதக்கணக்கில் முழுத்தூக்கம் இல்லாத கிறுகிறுப்பு எல்லாம் சேர்ந்து சிரித்தன. கண்ணில் தண்ணீர் கொட்டியது. அம்மாவைப் பார்த்து மேனேஜர் சிரித்தாள். இருவரையும் பார்த்து வரவேற்பு அக்கா சிரித்தாள். என்ன ஏதென்றே தெரியாமல், கன்னம் வீங்கிய வரிசை முழுவதும் "அய்யோ, வலிக்குதே, அய்யோ" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டே சிரித்தது.

உள்ளறைக் கதவு திறந்தது. கையில் ஊசியோடு டாக்டர் நின்றார். "யாருங்க அது சிரிக்கறது? உள்ள படுத்திருக்கறவரும் சேர்ந்து சிரிக்கிறாரு. வாய் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது. நான் எந்தப் பல்லைப் புடுங்கறது?"

அவருக்குப் பின்னாலிருந்து, மரத்துப்போன வாயால் ஒரு அலறல் வந்தது. "ஹொல்லாஹீங்க! ஹாரும் ஹொல்லாஹீங்க!"

"சொல்லாதீங்கன்னு சொல்றாரு" என்று மேனேஜர் மொழிபெயர்த்தாள்.

அதற்கும் ஒரு சிரிப்பலை எழுந்தது. இந்தக் களேபரத்தில் இவ்வளவு நேரமும் ஒருவன் குலுங்கிக்கொண்டே பால் குடிக்கப் போராடிக்கொண்டிருந்தான். முதலாளி. கடைசியில் அவன் வாயை எடுத்துவிட்டான். சால்வைக்குள்ளிருந்து தலையை வெளியே நீட்டி, வாயோரம் பால் வழிய, அம்மாவின் முகத்தை உற்றுப் பார்த்தான். புருவம் உயர்ந்தது. பிறகு அவன் வயிற்றுக்குள்ளிருந்து, ஒரு புட்டியிலிருந்து தண்ணீர் கொட்டுவதுபோல், கொளகொளவென்று ஒரு சத்தம் வந்தது.

சிரிக்கிறான். அதுவரை உதட்டால் மட்டும் சிரித்தவன், முதல்முறையாகச் சத்தம் போட்டுச் சிரிக்கிறான்.

நர்ஸம்மாவின் சிரிப்பு டக்கென்று நின்றது. முதலாளி தன் சத்தத்தைத் தானே கேட்டு வியந்து, இன்னொரு முறை சிரித்தான். பல் டாக்டர் ஊசியை மறந்து நின்றார்.

"இதுக்கு முன்னாடி சிரிச்சதில்லையா?" என்று கேட்டார்.

"இதுதான் டாக்டர் மொதத் தடவை" என்றாள். அடுத்த நொடி, "அய்யோ, அவங்கப்பா பார்க்கலையே!" என்று துள்ளி எழுந்தாள். புத்தகத்தை மேசையில் வைத்தாள், சால்வையைத் திருப்பிக் கொடுத்தாள், சுவரோரமாகவே முகத்தை மறைத்துக்கொண்டு வெளியேறினாள். டிரைவருக்குக் கொடுத்த வாக்கு வாக்குதான்.

தெருமுனைக் கடையில் மேனேஜர் நின்றாள். "ஒரு நிமிஷம்மா" என்று உள்ளே போனாள். வெளியே வந்தபோது கையில் இருந்தது பெரிய பலூன் பொட்டலம். டப்பா காலி.

"அவ்வளவு காசுக்குமா?"

"அவ்வளவு காசுக்கும்."

நர்ஸம்மாவுக்குத் திட்டத் தோன்றவில்லை. அன்று அவளிடம் யார் எதைக் கேட்டிருந்தாலும் சரி என்றிருப்பாள்.

அப்பா விற்காத சாமான்களை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் கையிலிருந்த சங்கிலியைக் கீழே போட்டார். "நான் இல்லாதப்பவா சிரிச்சான்? இங்க பாருடா, அப்பாவைப் பாரு!" காதைப் பிடித்து இழுத்துக் காட்டினார். கன்னத்தை உப்பினார். தவளைபோல் கத்தினார். லிஃப்ட் மாதிரி உட்கார்ந்து எழுந்து, ஒவ்வொரு மாடிக்கும் 'டிங்' என்று மணியடித்தார். முதலாளி, விடுப்புக் கேட்டு வந்த ஊழியரைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்தான்.

"சும்மா சொல்றீங்க ரெண்டு பேரும்" என்று அப்பா தரையில் சாய்ந்து உட்கார்ந்தார். "நாள் பூரா வேலை வேலைன்னு வெளியவே இருக்கேன். எனக்கெங்க சிரிக்கப் போறான்."

நர்ஸம்மா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, பிள்ளையை அவர் மடியில் வைத்தாள். மேனேஜர் இதற்குள் ஒரு மஞ்சள் பலூனைக் கண் பிதுங்க ஊதியிருந்தாள். முடிச்சுப் போடத் தெரியவில்லை. வாயைத் திறந்து 'அம்மா, இதைக் கட்டித் தா' என்று சொல்லப் போனாள். பலூன் கைநழுவியது.

புர்ரென்று அது கிளம்பியது. லிஃப்ட் கண்ணாடியில் மோதி, டப்பாக் கோபுரத்தைத் தட்டிச் சாய்த்து, ஃபிரிட்ஜ்மேல் இருந்த புத்தகங்களைச் சுற்றி, விட்டம்வரை ஏறி, நாராசமான ஒரு சத்தத்தோடு அப்பாவின் மூக்கிலேயே வந்து விழுந்தது.

பிறகு அப்பாவின் மடியிலிருந்து கொளகொளவென்று சத்தம்.

அப்பா மூச்சுவிடவே பயந்து குனிந்து பார்த்தார். முதலாளி அவர் மூக்கையே பார்த்து, வயிறு குலுங்க, பொக்கைவாய் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"இன்னொண்ணு ஊது" என்றார் அப்பா. "ஊதும்மா, சீக்கிரம்! எங்க அந்தப் பொட்டலம்? எனக்கும் ஒண்ணு குடு!"

அடுத்த பலூன் சிவப்பு. அதை அவரே ஊதிவிட்டார். அதற்கடுத்தது பச்சை. நர்ஸம்மா ஒன்று ஊதினாள், அது ஜன்னல் வழியாகத் தப்பித்துத் தெருவுக்குப் போயிற்று. கடைக்கென்று கீழே பரப்பிய போர்வை இன்னும் வாசலிலேயே கிடந்தது, அதை எடுத்துவர யாருக்கும் ஞாபகமில்லை. அப்பா டோஸ்டரில் போட்டிருந்த ரொட்டி கருகும் வாசனை வந்தது, ஒருவரும் எழுந்துகொள்ளவில்லை. மூன்று பேரும் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, கன்னம் வலிக்க வலிக்க ஊதினார்கள். முதலாளி காலை உதைத்து உதைத்து வேலை வாங்கிக்கொண்டிருந்தான்.